கம்பெனி கைமாறினால் டூல்கிட் என்ன ஆகும்? லினக்ஸ் கைக்கருவி செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காசிமேட்டில் மீனை எடை போட்டுச் சீட்டு தரும் கருவி, மாதவரம் லாரி ஷெட்டில் சரக்கை ஸ்கேன் செய்யும் கருவி, வண்ணாரப்பேட்டை துணிக்கடையில் பில் போடும் கருவி என்று உள்ளங்கை அளவு லினக்ஸ் கருவிகளைச் செய்யும் சின்னப் பட்டறைகள் வடசென்னையில் இருக்கின்றன. அவர்களும், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் படிக்கும் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. முக்கால்வாசிக் கேள்விகளுக்கு அடியில் ஒரே பயம்தான்: நாம் நம்பி எடுத்த டூல்கிட்டை எவனோ வாங்கிவிட்டால்? கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

டூல்கிட்னா சரியா என்ன? லினக்ஸ் இருந்தா போதாதா?

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குப் பொத்தான் வரையத் தெரியாது. விரல் எந்த இடத்தில் பட்டது என்று சொல்லும், திரைக்குப் புள்ளிகளை அனுப்ப வழி கொடுக்கும், அவ்வளவுதான். பொத்தான், பட்டியல், உருட்டினால் நகரும் பக்கம், எழுத்துகளைக் கோத்துக் காட்டுவது எல்லாம் டூல்கிட்டின் வேலை. க்யூட், ஜிடிகே, எல்விஜிஎல், ஃப்ளட்டர் எல்லாம் இந்த வகை.

கர்னலைப் புதுப்பித்தால் உங்கள் திரைகள் அப்படியே இருக்கும். டூல்கிட்டை மாற்றினால் எல்லாத் திரையையும் முதலிலிருந்து எழுத வேண்டும். அதனால்தான் இந்தத் தேர்வுக்கு இவ்வளவு யோசனை.

க்யூட்டை யார் யார் வாங்கினாங்க? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

நார்வேயின் ஆஸ்லோவில் 1994-ல் தொடங்கிய ட்ரோல்டெக் என்ற நிறுவனம் எழுதியது க்யூட். 2008 ஜனவரியில் நோக்கியா அதை வாங்குவதாக அறிவித்தது. விலை சுமார் 10 கோடி யூரோ. அந்த ஜூனில் வாங்கி முடித்தது. அப்போது நோக்கியாவிடம் சிம்பியன் என்ற தளத்தில் ஓடும் போன்களும் இருந்தன, மேமோ என்ற லினக்ஸ் கருவிகளும் இருந்தன. இரண்டுக்கும் ஒரே டூல்கிட்டில் எழுத வைக்கலாம் என்பது கணக்கு.

2011 பிப்ரவரியில் நோக்கியா மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் பக்கம் போனது. அடுத்த மாதமே க்யூட்டின் கட்டண லைசென்ஸ் வியாபாரத்தைப் பின்லாந்தின் டிஜியா வாங்குவதாக அறிவிப்பு வந்தது. 2012 ஆகஸ்டில் மீதியையும் டிஜியாவே எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. 2014-ல் அதற்குள் தி க்யூட் கம்பெனி என்று ஒரு துணை நிறுவனம் உருவானது. 2016-ல் அது தனியாகப் பிரிந்து ஹெல்சின்கி பங்குச் சந்தைக்குப் போனது. இன்றைக்கு அவர்கள்தான் உரிமையாளர்.

அண்ணே, கம்பெனியையே வித்துட்டாங்கன்னா நம்ம புரோகிராம் இன்னா ஆவும்?

ஒன்றும் ஆகாது. அடிக்கடி வரும் கேள்வி இதுதான், பதிலும் இதற்குத்தான் சுருக்கம். மூல நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்த, மாற்ற, பகிர விடும் திறந்த லைசென்ஸில் ஏற்கெனவே வெளியான பதிப்பைப் புது முதலாளி திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. நிபந்தனையை நீங்கள் மீறாத வரை அந்தப் பதிப்பு உங்களுடையதுதான். மாறக்கூடியது அடுத்த பதிப்பின் நிபந்தனை, விலை, யாருக்கு எவ்வளவு கவனம் என்பவைதான்.

க்யூட்டுக்கு இன்னொரு காப்பும் உண்டு. கேடிஇ என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் குழுவும் ட்ரோல்டெக்கும் சேர்ந்து 1998-ல் கேடிஇ ஃப்ரீ க்யூட் ஃபவுண்டேஷனை ஏற்படுத்தின. உரிமையாளர் இலவசப் பதிப்பை வெளியிடுவதை நிறுத்தினால், பிஎஸ்டி போன்ற தாராளமான லைசென்ஸில் தானே வெளியிடும் உரிமை அந்த ஃபவுண்டேஷனுக்கு வந்துவிடும். கம்பெனி கைமாறினாலும், இன்னொன்றோடு இணைந்தாலும், திவாலானாலும் ஒப்பந்தம் செல்லும். நோக்கியாவும் டிஜியாவும் அந்தக் கட்டோடுதான் க்யூட்டை வாங்கின. வேறு எந்த டூல்கிட்டை எடுத்தாலும் இப்படி ஒரு கட்டு இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

ஆனா நோக்கியா வாங்கினதாலதானே எல்லாம் நாசமாச்சு?

எது நாசமானது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2009 கடைசியில் வந்த என்900 போனில் மேமோ 5 இருந்தது. அதன் திரைகள் ஜிடிகே மேல் கட்டிய ஹில்டனில் எழுதப்பட்டவை. அதே ஆண்டே, அடுத்த தலைமுறை க்யூட்டுக்கு மாறும் என்று நோக்கியா சொல்லிவிட்டது. ஹில்டனில் எழுதியவர்கள் தலையில் கை வைத்தார்கள். 2010-ல் மேமோவும் இன்டெலின் மோப்ளின் என்ற லினக்ஸ் தளமும் சேர்ந்து மீகோ ஆனது. க்யூட்டுக்கு மாறியவர்கள் மூச்சு விடுவதற்குள் 2011 பிப்ரவரி வந்து மீகோவும் போனது. க்யூட்டில் எழுதிய என்9 அந்த ஆண்டு வெளிவந்தது. அதற்குப் பின் அந்த வரிசையில் நோக்கியாவின் போன் இல்லை.

ஆக, இரண்டு பக்கமும் அடி வாங்கியது. ஆனால் செத்தது போன் தளம். ஜிடிகே இன்றும் இருக்கிறது, ஃபாஷ் என்ற கைபேசித் திரையை அதில்தான் எழுதியிருக்கிறார்கள். க்யூட்டும் இருக்கிறது, செயில்ஃபிஷ், உபுண்டு டச், பிளாஸ்மா மொபைல் என்ற கைபேசித் தளங்கள் மூன்றும் அதன் மேல் நிற்கின்றன. நம்ம ஊர்க்காரர்களுக்கு நோக்கியா என்றதும் ஸ்ரீபெரும்புதூர் ஆலை ஞாபகம் வருவதால் இது சட்டென்று ஏறாது. போன் பிரிவு மைக்ரோசாஃப்டுக்குப் போனபோது வரித் தகராறில் சிக்கிய அந்த ஆலை மட்டும் பின்தங்கி, 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. ஆலைக்குப் பூட்டுப் போட்டால் உள்ளே யாரும் வேலை செய்ய முடியாது. வெளியான மூல நிரலுக்கு அப்படிப் பூட்டுப் போட முடியாது.

இன்னொன்று. நோக்கியா வாங்குவதற்கு முன் க்யூட்டுக்கு இரண்டே வழி: ஒன்று, உங்கள் நிரலையும் சேர்த்துத் திறக்கச் சொல்லும் ஜிபிஎல் லைசென்ஸ், இல்லாவிட்டால் காசு. மூடிய மென்பொருள் எழுதுகிறவர்கள், சொந்த நிரலை மூடி வைக்க விடும் எல்ஜிபிஎல் லைசென்ஸில் வந்த ஜிடிகே பக்கம் போக அது ஒரு பெரிய காரணம். 2009 மார்ச்சில் க்யூட் 4.5-ஐ எல்ஜிபிஎல்லிலும் வெளியிட்டது நோக்கியாதான். கைமாறியதால் கதவு திறந்ததும் உண்டு.

அப்போ முதலாளியே இல்லாத ஜிடிகேதான் சேஃப்பா?

முதலாளி இல்லை என்றால் விற்க ஆளில்லை, சரி. ஆனால் எழுதுகிறவர்களுக்கு யாரோ சம்பளம் தருகிறார்கள். ஜிடிகே வேலையில் பெரும்பங்கு பல ஆண்டுகளாக ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் ஊழியர்களுடையது. அந்த ரெட் ஹேட்டை 2019-ல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. ஜிடிகே நின்றுவிடவில்லை. முதலாளி இல்லாததும் கைமாற்றத்துக்குத் தப்பியதல்ல என்பதற்காகச் சொன்னேன்.

ஜிடிகேவில் நான் அதிகம் பயப்படுவது வேறு விஷயம்: தலைமுறை மாற்றம். 2020 டிசம்பரில் ஜிடிகே 4 வந்ததும் ஜிடிகே 2-க்கு ஆதரவு முடிந்தது. உங்கள் பழைய கருவி ஜிடிகே 2-ல் இருந்தால் கம்பெனி எதுவும் விற்கப்படாமலே நீங்கள் நடுத்தெருவில்.

எல்ஜிபிஎல்னா ஃப்ரீதானே? காசு கொடுக்க வேணாம்ல?

காசு வேண்டாம், கடமை உண்டு. உங்கள் சொந்த நிரலை மூடியே வைக்கலாம். ஆனால் எந்த நூலகத்தை (டூல்கிட் மாதிரி வெளியிலிருந்து எடுத்துச் சேர்க்கும் ஆயத்த நிரலை) பயன்படுத்தினீர்கள் என்று சொல்ல வேண்டும், லைசென்ஸ் வாசகத்தைக் கருவியோடு தர வேண்டும், அந்த நூலகத்தின் மூலத்தை, நீங்கள் திருத்தியிருந்தால் திருத்தத்தோடு, வாங்கியவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். அவர் நூலகத்தை மாற்றி உங்கள் புரோகிராமோடு மறுபடி சேர்க்க வழியும் இருக்க வேண்டும். நூலகத்தைத் தனிக் கோப்பாக வைத்து, ஓடும்போது இணைத்தால் இது தானாக நடக்கும். ஒரே கோப்பாக உருக்கிச் சேர்த்தால், மறுபடி சேர்க்கத் தேவையான ஆப்ஜெக்ட் கோப்புகளையும் (கம்பைல் செய்து, இன்னும் ஒன்றாகச் சேர்க்காத துண்டுகளை) கொடுக்க வேண்டிவரும்.

பதிப்பைக் கவனியுங்கள், இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். க்யூட் 5.6 வரை எல்ஜிபிஎல் 2.1-ல் கிடைத்தது. 2016-ல் வந்த 5.7-லிருந்து அது எல்ஜிபிஎல் 3. மூன்றாவது பதிப்பில் ஒரு கூடுதல் நிபந்தனை: வீட்டுப் பொருளாக விற்கும் கருவியென்றால், மாற்றிய நூலகத்தை அதில் நிறுவும் வழியையும் கொடுக்க வேண்டும். கம்பெனி கையெழுத்திட்ட மென்பொருள் மட்டுமே ஓடும் என்று பூட்டி விற்கிறவர்களுக்கு இது இடிக்கும்.

அப்புறம், க்யூட்டின் எல்லாப் பகுதிகளும் எல்ஜிபிஎல் இல்லை. க்யூட் சார்ட்ஸ், க்யூட் வர்ச்சுவல் கீபோர்டு இரண்டும் ஜிபிஎல் அல்லது காசு. திரையில் கீபோர்டு வேண்டும் என்று கடைசி வாரத்தில் அதைச் சேர்த்துவிட்டு, மொத்த நிரலையும் திறக்க வேண்டிய நிலைக்கு வந்து நிற்பார்கள். எண் பலகை மட்டும் போதுமென்றால் நீங்களே எழுதிவிடலாம், ஒரு சாயங்கால வேலை.

நாங்க யார்டுக்கும் கடைக்கும்தான் விக்கிறோம், வீட்டுக்கு இல்ல. அப்பவும் பூட்டக் கூடாதா?

நல்ல கேள்வி. மேலே சொன்ன நிபந்தனை, சொந்த உபயோகம், குடும்பம், வீடு என்று சாதாரணமாகப் பயன்படும் பொருள்களுக்குத்தான். கண்டெய்னர் யார்டில் மட்டும் ஓடும் ஸ்கேனர் அதில் வராது என்று வாதிடலாம். ஆனால் சந்தேகம் வந்தால் வீட்டுப் பொருள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஜிபிஎல் 3 சொல்கிறது. பொருளை யாருக்கு விற்றீர்கள் என்பதைவிட, அந்த வகைப் பொருள் பொதுவாக எதற்குப் பயன்படுகிறது என்பதுதான் கணக்கு. சாதாரண டேப்லெட் மாதிரி இருந்தால் யார்டுக்கு விற்றாலும் தப்பிக்க முடியாது. பெரிய ஆர்டர் என்றால் பாரிமுனையில் லைசென்ஸ் தெரிந்த வக்கீல் யாரையாவது ஒருமுறை பார்த்துவிடுங்கள். பின்னால் ஆகும் செலவோடு பார்த்தால் அந்த ஃபீஸ் ஒன்றுமில்லை.

பழைய வெர்ஷன்லயே நின்னுட்டா என்ன?

நிற்கலாம், நின்றவர்களும் இருக்கிறார்கள். செயில்ஃபிஷ் பல ஆண்டுகள் க்யூட் 5.6-லேயே நின்றது, அது ஏன் 5.6 என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். தராசோடு மட்டும் பேசுகிற, இணையமே தொடாத கருவிக்கு இது சரியான முடிவு என்றுகூடச் சொல்வேன். வைஃபையில் சேர்ந்து பணப் பரிமாற்றம் செய்கிற கருவிக்குச் சொல்ல மாட்டேன்.

நிற்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. க்யூட் 5.15-ன் நீண்டகாலத் திருத்தங்கள் காசு கொடுத்தவர்களுக்கு மட்டும் என்று 2020 தொடக்கத்தில் தி க்யூட் கம்பெனி அறிவித்தது. மற்றவர்களுக்கு அவை ஓராண்டு தாமதமாகத்தான் திறந்த மூலமாக வரும். இடைவெளியை நிரப்ப கேடிஇ ஆட்கள் 2021-லிருந்து தாங்களே திருத்தங்களைத் தொகுத்துவைத்தார்கள். யாரும் கம்பெனியை வாங்கவில்லை, விற்கவில்லை. இருந்த முதலாளியே கொள்கையை மாற்றினார். கைமாற்றத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

ரேம் 256 எம்பிதான், ஜிபியூ கிடையாது. எதை எடுக்கட்டும்?

ஜிடிகே 4 வேண்டாம். அதற்கு அடியில் ஜன்னல்களைத் திரையில் நிர்வகிக்கும் வேலாண்டோ எக்ஸ்11-ஓ ஓட வேண்டும். ஒரே ஒரு புரோகிராம் காட்டும் கருவிக்கு அது வீண் சுமை. க்யூட்டின் பழைய பாணித் திரைப் பகுதியான க்யூட் விட்ஜெட்ஸ் அப்படியில்லை. லினக்ஸ்எஃப்பி என்ற வழியில் நேராக ஃப்ரேம்பஃபரில், அதாவது திரைப் புள்ளிகள் இருக்கும் நினைவகத்தில், வரையும். ஜிபியூ (படம் வரையும் தனிச் சில்லு) இருந்தால் இஜிஎல்எஃப்எஸ் என்ற வழியில், க்யூட்டின் இன்னொரு திரை மொழியான க்யூஎம்எல்லில் எழுதிய திரைகளும் வழுக்கிக்கொண்டு ஓடும். ஜிபியூ இல்லாமலும் க்யூஎம்எல் ஓடும், ஆனால் அசைவு விளையாட்டுகளை மறந்துவிடுங்கள்.

இதைவிடச் சின்ன கருவி என்றால் எல்விஜிஎல். எம்ஐடி லைசென்ஸ், அதாவது பெயரையும் வாசகத்தையும் விடாமல் வைத்தால் போதும். யார் வாங்கினாலும் விற்றாலும் கையில் இருப்பது கையில்தான். சி மொழி தெரிந்தால் ஒரே மூச்சில் முழு நிரலையும் படித்துவிடலாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரு பிழையைத் துரத்திக்கொண்டு உள்ளே போய் வெளியே வர முடியும். சின்னப் பட்டறைக்கு அது பெரிய பலம்.

காசிமேட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: டூல்கிட்டுக்கு முன்னால் தொடுதிரையைப் பாருங்கள். ஐஸ் தண்ணீரில் நனைந்த விரலுக்குக் கண்ணாடித் தொடுதிரை கண்டபடி பதில் சொல்லும். நிஜப் பொத்தான்கள் வையுங்கள். பொத்தானால் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவுவது மேலே சொன்ன டூல்கிட்கள் எல்லாவற்றிலும் உண்டு; விரலுக்கென்று மட்டும் வரைந்த திரைகளில்தான் அது உதைக்கும்.

தமிழ் ஒழுங்கா வருமா?

மூன்று சொற்களை எழுதிப் பாருங்கள்: கொடுவா, நெத்திலி, கெளுத்தி. மூன்றிலும் கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் வர வேண்டும், ஆனால் யுனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. இடம் மாற்றிக் கோக்கும் வேலையை க்யூட்டும் ஜிடிகேவும் ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்திடம் விட்டுவிடுகின்றன. அதனால் நல்ல எழுத்துரு ஒன்றைப் போட்டால் போதும், இரண்டிலும் தமிழ் சரியாக வரும்.

எல்விஜிஎல்லின் வழக்கமான எழுத்துரு மாற்றி ஒவ்வொரு குறியையும் தனிப் படமாக்குகிறது, கோக்காது. கொம்பு தப்பான பக்கத்தில் நிற்கும், கு, டி மாதிரியான எழுத்துகள் உடைந்து வரும். இதற்குப் பட்டறைப் பாணி வைத்தியம் ஒன்று இருக்கிறது. கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி மூன்றையும் முன்னால் தள்ளவும், ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை இரண்டாகப் பிரிக்கவும் சின்னதாக ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். கு, கூ வரிசைக்கு 18 மெய்க்கும் 36 படங்கள். டி, டீ இரண்டு. கிரந்தத்துக்கு இன்னும் சில. இவற்றை யுனிகோடின் தனிப்பயன் பகுதியில் வைத்துக்கொள்ளலாம். பழைய டிஸ்கி எழுத்துருக் காலத்தில் கொம்பை முன்னால் வைத்துப் பழகியவர்களுக்கு இது பரிச்சயமான வேலைதான். திருத்தும் பெட்டியில் கர்சர் நகர்த்துவது மட்டும் தலைவேதனை; மீன் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க விட்டுவிட்டால் அதுவும் இல்லை.

பைதான்ல எழுதினா லைசென்ஸ் தொல்லை இல்லையே?

உண்டு. க்யூட்டைப் பைதானிலிருந்து கூப்பிட இரண்டு வழி. பைக்யூட் தனி நிறுவனத்தினுடையது, ஜிபிஎல் அல்லது காசு. எல்ஜிபிஎல்லில் ஒன்று வேண்டும் என்று நோக்கியா 2009-ல் தொடங்கியது பைசைடு. இப்போது அதுவே அதிகாரப்பூர்வமான வழி. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், வகுப்பில் சொல்லித்தருவது பெரும்பாலும் பைக்யூட். மூடிய பொருள் விற்கப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே பைசைடில் தொடங்குங்கள். 256 எம்பி கருவியில் பைதானே வேண்டாம்.

வெப் பேஜா பண்ணிட்டா எந்த டூல்கிட்டும் வேணாமே?

பிரவுசர்தான் இருப்பதிலேயே பெரிய டூல்கிட். 1 ஜிபி ரேம் இருந்தால் யோசிக்கலாம். வெப்புக்குப் போனால் கைமாற்றம் தொடாது என்றும் நினைக்க வேண்டாம். வெப் நுட்பத்திலேயே திரைகள் கட்டிய வெப்ஓஎஸ் என்ற கைபேசித் தளத்தோடு பாம் கம்பெனியையே எச்பி 2010-ல் 120 கோடி டாலருக்கு வாங்கி, 2011 ஆகஸ்டில் கருவிகளை நிறுத்தியது. 2013-ல் வெப்ஓஎஸ் எல்ஜிக்குப் போய் டிவிக்குள் புகுந்தது.

கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கிட்டா நிம்மதியா?

பூட்டிய வீட்டுப் பொருள் செய்கிறீர்கள், நூலகத்தின் மூலத்தைத் தர விருப்பமில்லை, உடனடித் திருத்தம் வேண்டும் என்றால் வாங்குங்கள். க்யூட்டில் நிரல் எழுதும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக் கட்டணம், அதோடு விற்கும் கருவிக்கும் தனிக் கட்டணம் உண்டு. மலிவான கருவியில் அந்த இரண்டாவது கட்டணம் லாபத்தைத் தின்றுவிடும். விலை கேட்கும்போது எத்தனை கருவி விற்பீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

திறந்த பதிப்பில் பாதி எழுதிவிட்டு, பிறகு காசு பதிப்புக்குத் தாவலாம் என்று நினைப்பவர்கள் ஒப்பந்தத்தை முதலில் படிக்க வேண்டும். இரண்டையும் கலப்பதற்கு அதில் கட்டுப்பாடு உண்டு. கம்பெனியிடம் எழுத்தில் பதில் வாங்காமல் தாவ வேண்டாம்.

நாளைக்கு நிஜமாவே டூல்கிட்டை மாத்தணும்னா?

விலை கணக்கு, எடை படிப்பது, பிரிண்டருக்கு அனுப்புவது, தரவுத்தளம் எதற்குள்ளும் டூல்கிட்டின் வகைகள் நுழையக் கூடாது. க்யூட்டின் சரமும் பட்டியலும் வசதியாக இருக்கும், கை தானாகப் போகும். திரைப் பகுதியில் எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், கணக்குப் பகுதியில் வேண்டாம். சரியாகப் பிரித்திருக்கிறீர்களா என்று பார்க்க சுலபமான வழி: கணக்குப் பகுதியை டூல்கிட்டே நிறுவாத ஒரு கணினியில் கம்பைல் செய்யுங்கள். ஆகாவிட்டால் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பிழைச் செய்தியே காட்டிக்கொடுக்கும்.

மூலத்தின் நகலும் உங்களிடமே இருக்கட்டும். எந்தப் பதிப்பு, என்ன திருத்தம், எந்த கம்பைலர் என்று எல்லாவற்றோடும். கருவிக்கான லினக்ஸைக் கட்டித்தரும் பில்ட்ரூட், யாக்டோ இரண்டிலும் இறக்கிய மூலக் கோப்புகளைச் சேர்த்துவைக்க வசதி இருக்கிறது. எல்ஜிபிஎல் கேட்கும் மூலத்தைக் கொடுக்கவும் அதே நகல் உதவும்.

சார், எங்க பட்டறையையே ஒரு பெரிய கம்பெனி வாங்கறதா பேச்சு. அவங்க என்ன கேப்பாங்க?

முதலில் கேட்பது பட்டியல்: கருவிக்குள் இருக்கும் ஒவ்வொரு நூலகமும், அதன் பதிப்பும், லைசென்ஸும். பட்டியல் இல்லையென்றால் அவர்களே ஒரு ஸ்கேனரை ஓட்டிக் கண்டுபிடிப்பார்கள். நீங்கள் மறந்த ஜிபிஎல் கீபோர்டு அங்கே வெளியே வரும், விலையும் இறங்கும். யாக்டோவிலும் பில்ட்ரூட்டிலும் இந்தப் பட்டியலைத் தானாக எடுக்கலாம், அதை இப்போதே ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து, காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருந்தால், புது முதலாளிக்கு அது தானாகப் போகுமா என்று அந்த ஒப்பந்தத்தைப் பாருங்கள். பெரும்பாலும் லைசென்ஸ் கொடுத்தவரின் சம்மதம் வேண்டியிருக்கும். திறந்த லைசென்ஸில் எடுத்தவற்றுக்கு அப்படி யாரிடமும் கேட்க வேண்டாம். ஒப்பந்தக்காரப் பையன்கள் எழுதிக் கொடுத்த நிரலுக்கு உரிமை எழுதி வாங்கியிருக்கிறீர்களா என்பதையும் கேட்பார்கள். பட்டறைகளில் அந்தத் தாள்தான் அநேகமாக இருக்காது, பேச்சு முற்றுவதற்குள் வாங்கிவிடுங்கள்.